பாலைக் கடைசியில் விடுங்கள்: கொழும்பில் வேலைக்குப் போகிறவர்களுக்கான முன்தயாரிப்புச் சமையல்

கொழும்பில் நிறை கூடுவது பெரும்பாலும் இரவு ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில்தான். வேலை முடிந்து, காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நசுங்கி, வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ இறங்கும்போது வயிறு கத்தும். வீட்டில் சமைத்தது ஒன்றும் இருக்காது. முனைக்கடையில் கொத்து தட்டும் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் கலோரிக் கணக்குப் பார்க்க யாராலும் முடியாது. வார இறுதியில் கொஞ்சம் சமைத்து வைப்பதே அந்த ஒரு மணி நேரத்தைச் சமாளிப்பதற்காகத்தான். கதவைத் திறந்து உள்ளே வந்த பதினைந்து நிமிடத்தில் சூடான சாப்பாடு கோப்பையில் இருந்தால், கொத்துக்கடை தானாகவே தூரப் போய்விடும்.

இதைத் தொடங்குகிறவர்கள் வழக்கமாக இணையத்தில் வீடியோ பார்ப்பார்கள். ஐந்து பெட்டி, ஐந்திலும் ஒரே கோழி நெஞ்சுத் துண்டு, ஒரே அவித்த புரோக்கோலி. நம் வாய்க்கு அது செவ்வாய்க்கிழமையே அலுத்துவிடும், புரோக்கோலி விலையைக் கேட்டால் திங்களே அலுத்துவிடும். சரி, நம் கறிகளையே சமைத்து வைப்போம் என்றால் அங்கே வேறொரு சிக்கல்: தேங்காய்ப்பால். பால் விட்ட கறி இந்த வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும். பிரிட்ஜில் வைத்துச் சூடாக்கினாலும் திரிந்து எண்ணெய் மிதக்கும். ஆகவே நான் சொல்லும் முறை, பாதிச் சமையல். அவிப்பது, வதக்குவது, நறுக்குவது எல்லாம் ஞாயிறு. பால், தேங்காய்ப்பூ, தேசிப்புளி மூன்றும் சாப்பிடும் நாளில்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கெட்டிப்பால் 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 230 கலோரி உண்டு. பெரிய சட்டிக் கறிக்கு முதற்பாலை ஊற்றும்போது கை கணக்குப் பார்க்காது. ஒருவர் சாப்பாட்டுக்குக் கடைசியில் விடும்போது இரண்டு மேசைக்கரண்டியோடு நின்றுவிடும், ருசியும் குறையாது.

தொடங்குமுன் ஒரு அளவு

உயரத்தையும் நிறையையும் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. வழக்கமாக 25ஐ எல்லையாகச் சொல்வார்கள். ஆனால் நம் போன்ற ஆசியர்களுக்கு 23இலேயே ஆபத்து கூடத் தொடங்குவதாகவும், 27.5ஐத் தாண்டினால் அது அதிக ஆபத்து என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வரையறுத்திருக்கிறது. 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு 23 என்பது கிட்டத்தட்ட 63 கிலோ. இடுப்பளவு இன்னும் நேர்மையானது: தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்தான் எல்லை. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். ஒரு கிலோவுக்கு மேல் குறைக்கத் துடிக்க வேண்டாம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்கக்கூடாது. மற்றவர்களும் அரச வைத்தியசாலைகளில் இருக்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம் ஒன்றில் இரத்த அழுத்தம், சீனி எல்லாம் பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது. அங்கே காசு வாங்குவதில்லை.

கோப்பையைத் திருப்பிப் போடுதல்

நம் சாப்பாட்டில் குற்றம் இல்லை, விகிதத்தில்தான் குற்றம். சோற்று மலை, ஓரத்தில் இரண்டு கரண்டி பருப்பு, ஒரு துண்டு மீன், பெயருக்குக் கொஞ்சம் கீரை. கடைப் பார்சலைப் பிரித்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதிலுள்ள சோறு இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும். இதைத் திருப்பிப் போடுங்கள். கோப்பையில் பாதி மரக்கறி. கால்வாசி மீன், முட்டை, கோழி, கடலை, பயறு, பருப்பு இவற்றில் ஒன்றோ இரண்டோ. மிச்சக் கால்வாசிதான் சோறு, இடியப்பம் அல்லது புட்டு.

சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. ஒரு நேரத்துக்கு 150 கிராம், அதாவது தேத்தண்ணிக் கப் ஒன்றில் அமுக்காமல் நிரப்பிய அளவு, பெரும்பாலானோருக்குப் போதும். முதல் வாரம் குறைவாகத்தான் தெரியும். உடல் உழைப்பு வேலை செய்கிறவர் ஒன்றரைக் கப் எடுக்கலாம். சிவப்பரிசியா வெள்ளையா என்று கேட்டால், தவிட்டோடு உள்ள சிவப்பரிசி நல்லது. ஆனால் இரண்டு கோப்பைச் சிவப்பரிசிச் சோற்றை விட ஒரு கப் வெள்ளைக் கீரிச்சம்பா மேல்.

சனிக்கிழமை: எழுதுவதும் வாங்குவதும்

மாதத் திட்டமெல்லாம் வேண்டாம். ஒரு கடதாசியில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து மதியம், ஐந்து இரவு. அதில் வெளியே சாப்பிடப் போவது நிச்சயமாகத் தெரிந்த நேரங்களை முதலில் வெட்டுங்கள். பிறந்தநாள் இருக்கும், ஒபிஸ் விருந்து இருக்கும். வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் அதையும் இப்போதே குறியுங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை காலை பிரிட்ஜைத் திறந்தால் மீன் பெட்டி மட்டும் சிரிக்கும். மிச்சம் ஏழெட்டு நேரம்தான் இருக்கும். அவ்வளவுக்குத்தான் சமைக்க வேண்டும்.

இரண்டு பருப்பு வகை, ஒரு மீன் அல்லது கோழி, ஆறு முட்டை, நான்கு மரக்கறி, இரண்டு கீரை. ஒருவருக்கோ இருவருக்கோ ஒரு வாரத்துக்கு இது போதும். மரக்கறியில் போஞ்சி, கரட், கோவா, பயிற்றங்காய் நறுக்கி வைத்தால் மூன்று நாள் தாங்கும். கத்தரிக்காயை முன்கூட்டி வெட்டாதீர்கள், கறுத்துவிடும். வெண்டிக்காய் வழவழத்துவிடும். பூசணியும் புடலங்காயும் முழுசாக இருக்கும்வரை வெளியிலேயே கிடக்கலாம்.

கீரையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறை குறைக்க நினைக்கிறவருக்கு இந்த ஊரில் கிடைக்கும் மிகப் பெரிய உதவி அதுதான். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், முருங்கை இலை எல்லாம் வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காலையில் கட்டுக்கட்டாக வரும். பத்து மணிக்குப் பிறகு போனால் வாடியதுதான் மிஞ்சும். வாங்கி வந்ததும் கழுவாதீர்கள். கட்டை அவிழ்த்து, பழுத்த இலைகளைத் தள்ளி, ஈரமில்லாத துணியிலோ கடதாசியிலோ சுருட்டி பிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். சமைக்கும் நாளில்தான் தண்ணீர் படலாம். வல்லாரையை நறுக்கினால் அன்றே சம்பலாக்கிவிட வேண்டும். அடுத்த நாள் கறுத்துக் கசக்கும். முருங்கை இலையை மட்டும் உருவிப் பெட்டியில் வைத்துவிடலாம். ஏனெனில் வேலை முடிந்து வந்த பிறகு முருங்கை இலை உருவும் பொறுமை யாருக்கும் இருக்காது.

ஞாயிறு: இரண்டு மணி நேரம்

சனி இரவே கொண்டைக்கடலையை ஊறப்போட்டிருக்க வேண்டும். மறந்தால் பயறு எடுங்கள், அது ஊறாமலே அவியும்.

முதல் வேலை பிரஷர் குக்கர். கடலையைக் கொஞ்சம் உப்போடு ஏற்றுங்கள். பக்கத்து அடுப்பில் மைசூர்ப் பருப்பை மஞ்சள், பச்சைமிளகாய், இரண்டு பல்லுப் பூண்டோடு அவியவிடுங்கள். பால் விடக்கூடாது, கெட்டியாகவே இறக்குங்கள். ரைஸ் குக்கரில் சோறு. மூன்றும் தன்பாட்டில் வேகும்போது நறுக்கத் தொடங்குங்கள்.

அடுத்தது, முழு வாரத்தையும் தாங்கப்போகும் தாளிதம். பெரிய வெங்காயம் நான்கு, பூண்டு ஒரு முழுத் தலை, விரல் நீள இஞ்சி, கறிவேப்பிலை, இரண்டு துண்டு ரம்பை, மூன்று தக்காளி. அகலமான சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விடுங்கள். அளந்து விடுங்கள், போத்தலைச் சரிக்க வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. வெங்காயம் அடிப்பிடிக்கத் தொடங்கினால் இன்னும் எண்ணெய் ஊற்றக் கை போகும். அப்போது ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். ஒட்டியது எல்லாம் கழன்று வந்து நிறம் ஏறும். இப்படி மூன்று நான்கு தரம் செய்தால் பொன்னிறத்துக்கு வந்துவிடும். பிறகு தக்காளி, அது கரைந்ததும் வறுத்த கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்ச உப்பு. பச்சை வாசம் போய்ச் சட்டியின் ஓரத்தில் எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தால் இறக்கலாம்.

இதை நான்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு கடலைக்கு, ஒன்று கோழிக்கு. மற்ற இரண்டும் சின்னப் பெட்டிகளில் பிரீசருக்குப் போகட்டும். வியாழன் இரவு வெறும் கோவாவும் இரண்டு முட்டையும்தான் மிச்சம் என்றாலும் அந்தப் பெட்டி இருந்தால் கறி வந்துவிடும்.

முட்டையை அவித்துத் தோலோடு வையுங்கள். ஒரு தேங்காயைத் துருவி, தட்டையான பையில் மெல்லிசாகப் பரப்பிப் பிரீசரில் போட்டால், வறைக்கு வேண்டும்போது ஒரு பிடி உடைத்து எடுக்கலாம். தேங்காயே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தேங்காய்ப்பூ இல்லாத கீரை வறையை இரண்டாம் தரம் யாரும் சாப்பிடமாட்டார்கள், கீரையும் நின்றுவிடும். ஒருவர் அளவுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும்.

மீன் வாங்கினால்

சூரை, கெலவல்லா போன்ற சிவந்த தசை மீன்களில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலை இடிக்கும். அது ஒருமுறை உருவாகிவிட்டால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே மீன் வாங்குவது சந்தைச் சுற்றின் கடைசி வேலையாக இருக்கட்டும். ஐஸில் கிடந்ததை வாங்கி நேரே வீட்டுக்கு வாருங்கள், வரும் வழியில் தேத்தண்ணிக் கடையில் நிற்க வேண்டாம்.

முன்கூட்டிச் சமைக்கப் பொருத்தமானது பால்கறி இல்லை, கொறுக்காய்ப்புளி போட்டு மிளகோடு வற்றவைத்த மீன். பால் இல்லை, எண்ணெய் அநேகமாக இல்லை, அடுத்த நாள் இன்னும் ருசி. 100 கிராம் சூரையில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. பசி தாங்குவதற்கு அதுதான் உதவி. கொறுக்காய் கிடைக்காவிட்டால் பழப்புளி.

சோறும் பிரிட்ஜும்

சமைத்த சோற்றை இரவு முழுக்கக் குக்கரிலேயே விட்டு, காலையில் பெட்டியில் போடுவது பலர் வீட்டில் வழக்கம். அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற பக்ரீரியாவின் வித்துகள் சமையல் சூட்டிலும் சாகாது. சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்து நஞ்சை விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே சோறு வெந்ததும் அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வைத்து, ஆவி அடங்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் பெட்டிகளில் பிரித்து உள்ளே வைத்துவிடுங்கள். சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். கறிகளுக்கும் இதே விதி.

குளிரவைத்த சோற்றில் கலோரி பாதியாகும் என்று சொல்வார்களே, அந்தக் கதை இங்கிருந்துதான் புறப்பட்டது. கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த புஷ்பராஜா தவராஜாவும் அவருடைய மாணவரும் 2015இல் அமெரிக்க இரசாயனவியல் சங்கத்தின் கூட்டத்தில் ஒரு ஆய்வைச் சமர்ப்பித்தார்கள். இலங்கை அரிசி 38 வகையை ஆராய்ந்தார்கள். கொதிக்கும் தண்ணீரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு அரிசியைச் சமைத்து, 12 மணி நேரம் குளிரவைத்தால் எளிதில் செரிக்காத மாப்பொருள் கூடுகிறது என்றார்கள். பாதி என்பது சிறந்த வகை அரிசிக்கு அவர்கள் போட்ட மதிப்பீடு, ஆய்வுகூட அளவு. உங்கள் குக்கர் சோற்றுக்கு அதை நம்பி இரண்டாம் கப் போடாதீர்கள். எப்படியும் குளிரத்தான் போகிறது, கிடைப்பது கிடைக்கட்டும்.

பிரிட்ஜ் 4 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். ஞாயிறு சமைத்தது புதன் வரைக்கும்தான். புதன் இரவு அரை மணி நேரம் ஒதுக்கி, வியாழனுக்கும் வெள்ளிக்குமாகக் கொஞ்சம் சமையுங்கள், இல்லாவிட்டால் பிரீசரில் இருப்பதைக் கீழே இறக்குங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் மீனையும் சோற்றையும் எறிந்துவிடுவதே லாபம். சூடாக்கும்போது ஆவி பறக்கச் சூடாக்குங்கள், ஒரே ஒரு தடவை மட்டும்.

மதியப் பெட்டி

காலை ஏழு மணிக்குக் கட்டிய பெட்டி பன்னிரண்டரை வரை பையிலேயே கிடந்தால் இந்த ஊர்ச் சூட்டில் அது ஆபத்து. பிரிட்ஜில் இருந்து குளிராகவே எடுத்து, உறையவைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கொண்டுபோய், ஒபிஸுக்குள் நுழைந்ததும் அங்குள்ள பிரிட்ஜில் வையுங்கள். பிரிட்ஜோ மைக்ரோவேவோ இல்லாத வேலைத்தலம் என்றால் அகன்ற வாய்ச் சாப்பாட்டு பிளாஸ்க் ஒன்று வாங்குவது நல்ல முதலீடு. முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கச் சாப்பாட்டைப் போட்டு மூடினால் மதியம் வரை சூடு நிற்கும்.

பால் பருப்பையும் சொதியையும் மதியப் பெட்டியில் போடாதீர்கள். அவை இரவுக்கு. பெட்டிக்குப் போஞ்சி வறை, கடலை, கொறுக்காய் மீன், அவித்த முட்டை. சம்பலைத் தனிச் சின்னப் பெட்டியில் கொண்டுபோங்கள்.

இரவில் நடப்பது இதுதான்: பருப்பைக் கொதிநீர் விட்டு இளக்கிக் கொதிக்க வைத்து, அடுப்பை நிறுத்திய பிறகு தேங்காய்ப்பால் மா ஒரு மேசைக்கரண்டியை இளஞ்சூட்டு நீரில் கரைத்து விட்டு, தேசிக்காய் பிழிய வேண்டும். பக்கத்தில் கீரையை நறுக்கி, வெங்காயம் மிளகாயோடு மூன்று நிமிடம் வதக்கித் தேங்காய்ப்பூ தூவினால் வறை. சோற்றுப் பெட்டி சூடாவதற்குள் இரண்டும் முடிந்துவிடும்.

காலையும் நாலு மணியும்

காலைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். அவித்த பயறும் சம்பலும், குரக்கன் புட்டும் முட்டையும், அல்லது இலைக்கஞ்சி. பயறு ஞாயிறே அவித்ததாக இருக்கலாம். புட்டு மாவை வறுத்து வைத்தால் காலையில் பத்து நிமிட வேலை. பாணும் சீனிச் சம்பலும் வாரத்தில் ஒரு நாளோடு நிற்கட்டும்.

நாலு மணிதான் பொல்லாதது. ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், அதோடு சீனி போட்ட பால் தேத்தண்ணி. ஒரு நாளைக்கு நான்கு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் எட்டுக் கரண்டி சீனி. ஆறுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடனே நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். மேசை இழுப்பறையில் வறுத்த கடலை ஒரு போத்தலும் பையில் ஒரு கொய்யாவும் இருந்தால் ரோல்ஸ் தட்டு வரும்போது மறுக்கத் தெம்பு இருக்கும். குளிர்பானம் வாங்கினால் லேபிளில் உள்ள வட்டத்தின் நிறத்தைப் பாருங்கள். இலங்கையில் 2016இல் இருந்து இந்த நிறக்குறி இருக்கிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி.

வெளியே சாப்பிடும் நாளில்

கடையில் சோறு எடுத்தால் “சோறு பாதி, மரக்கறி கூட” என்று சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் முகம் சுளிக்காமல் போடுவார்கள். கொத்துதான் வேண்டும் என்றால் முட்டைக் கொத்து ஒன்றை இரண்டு பேர் பிரியுங்கள், மரக்கறி கூடப் போடச் சொல்லுங்கள், மேலே ஊற்றும் குழம்பை வாங்காதீர்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பிடுங்கள். அடுத்த நாள் பட்டினி கிடக்காமல் வழக்கமான பெட்டிக்குத் திரும்பினால் சரி.

நிறை நகராவிட்டால்

வாரத்தில் ஒரே நாள், காலையில், ஒன்றும் சாப்பிடாமல் நிறை பாருங்கள். தினமும் பார்த்தால் உப்பும் தண்ணீரும் காட்டும் ஏற்ற இறக்கத்தில் மனம் நொந்துவிடும். மூன்று நான்கு வாரம் முள் அசையாமல் நின்றால் முதலில் எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் திரும்ப அளந்து பாருங்கள். கை மெல்ல மெல்லத் தாராளமாகியிருக்கும். அடுத்தது தேத்தண்ணிச் சீனி. அதன் பிறகுதான் சோற்றில் கால் கப் குறைப்பது. புரதத்தையும் மரக்கறியையும் குறைக்காதீர்கள், குறைத்தால் இரவு பத்து மணிக்குப் பிஸ்கட் டின் திறக்கும். இடுப்பு குறைந்து நிறை மட்டும் அப்படியே நின்றால் ஒன்றையும் மாற்றாமல் இன்னும் இரண்டு வாரம் அதே பெட்டிகளோடு போகலாம்.